பேய்க்கும் ஒரு வழக்கு உண்டு

“பேய் இல்லை எண்டு சொல்லுறியள். பேய்ப்படம் வந்தால் முதல் ஆளாய்ப் போய் இருக்கிறியள். இது என்ன கணக்கு மாமா?”

கேட்டவன் எங்கள் ஒழுங்கைப் பெடியன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறான். நெல்லியடிச் சந்தைப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். முதல்நாள் இரவு ஏதோ ஒரு பேய்ப்படம் பார்த்த கோபம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை. “ஒரு லொஜிக்கும் இல்லை” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நான் விமர்சகன் அல்லன். வேலை முடிந்து வந்து படம் பார்க்கிற சாதாரண ஆள். என்றாலும் அவன் கேட்டது நல்ல கேள்வி. கதை நீண்டதால் பிளேன்ரீயும் இரண்டாவது தடவை வந்தது. அன்று அவனுக்குச் சொன்னதையும், பிறகு யோசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

நம்புவது வேறு, பார்ப்பது வேறு. எங்கள் வடமராட்சியில் காத்தவராயன் கூத்தை விடிய விடியக் குந்தியிருந்து பார்த்த சனத்தை நினைத்துப் பாருங்கள். மாரியம்மனின் பிள்ளையான காத்தான், ஆரியமாலையைக் கலியாணம் முடிப்பதற்காக உருவம் மாறி மாறிப் போவான். பாயில் இருந்து பார்க்கிற ஆச்சிக்குக் காத்தானாக ஆடுகிறவர் யாருடைய மகன், அவருக்கு என்ன தொழில் என்பதெல்லாம் தெரியும். இருந்தும் விடியப்புறம் அவர் கழுமரத்தில் ஏறும்போது ஆச்சி அழுவார். அவரை ஒருவரும் ஏமாற்றவில்லை. இந்தக் கதைக்குள் இன்ன இன்ன நடக்கும் என்பதற்கு அவர் தானாக உடன்பட்டு இருக்கிறார். மாயப் படமோ பேய்ப்படமோ பார்க்கப் போகிற எவரும் செய்வது இதைத்தான்.

“அப்ப லொஜிக் தேவையில்லையோ?” என்றான்.

தேவை. முதலில் உன் குறை என்னவென்று சொல் என்றேன். அவன் யோசித்துவிட்டு, “சுவருக்குள்ளால வரத் தெரிஞ்ச பேய் பிறகேன் கதவைத் தட்டிக்கொண்டு நிக்குது?” என்றான். சரியான இடத்தைத்தான் பிடித்திருந்தான். பேய் சுவருக்குள்ளால் வந்ததில் அவனுக்குக் குறை இல்லை. ஒருக்கால் வந்தது, மறுக்கால் வர முடியாமல் நின்றது என்பதுதான் குறை. படம் தானே போட்ட சட்டத்தைத் தானே மீறிவிட்டது. உலகத்து நியாயத்தை மீறிய படத்தை நாங்கள் மன்னிப்போம். தன்னுடைய நியாயத்தை மீறிய படத்தை மன்னிக்கமாட்டோம்.

இதைப் பழைய ஆட்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். 1951இல் வந்த ‘பாதாள பைரவி’யை எடுங்கள். கே. வி. ரெட்டி இயக்கியது; தெலுங்கிலும் தமிழிலும் வந்தது. என். ரி. ராமராவ் தோட்டக்காரியின் மகன், எஸ். வி. ரங்காராவ் நேபாள மந்திரவாதி. தகுதியான வீரன் ஒருவனைப் பைரவிக்குப் பலி கொடுத்தால் கேட்ட வரம் கிடைக்கும் என்பது படத்தின் சட்டம். மந்திரவாதி அதற்காகத்தான் கதாநாயகனைக் கூட்டிக்கொண்டு போகிறான். பலியிடப் போகிறவனே பலியாகிவிடுகிறான். வரம் மற்றவனுக்குப் போகிறது. சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை, ஆள்தான் மாறினார். எழுபது வருடம் கழிந்தும் அந்தக் கதை அலுக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அதே கே. வி. ரெட்டி 1957இல் எடுத்த ‘மாயா பஜார்’ இன்னும் ஒரு படி மேலே. வியாச பாரதத்தில் இல்லாத கதை அது. சனங்கள் வாய்வழி வளர்த்தது. கடோற்கசன் மணமகள் வத்சலாவின் உருவம் எடுத்து அவளுடைய வீட்டுக்குள் போகிறான். திரையில் நிற்பது சாவித்திரி. ஆனால் தோளை அகட்டி அவர் நடக்கிற நடையிலும், ஆள் இல்லாத இடத்தில் ஒரு கணம் காட்டுகிற மிடுக்கிலும் ரங்காராவின் அரக்கன் உள்ளே இருப்பது தெரியும். உருவம் மாறலாம், குணம் மாறாது என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டத்தைக் கணினியும் இல்லாமல், கமராத் தந்திரமும் இல்லாமல் ஒரு நடிகை தன்னுடைய உடம்பால் காப்பாற்றுகிறார். நான் பார்த்த மாயக் காட்சிகளில் எனக்கு முதல் இடம் இதற்குத்தான். ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி அதே படத்தில் உண்டாக்கிய நிலவுக்கு இரண்டாம் இடம்.

கமராத் தந்திரம் எப்படிச் செய்தார்கள் என்று பெடியன் கேட்டான். 1944இல் வந்த ‘ஜகதலப்பிரதாபன்’ படத்தில் பி. யு. சின்னப்பா ஒரே நேரத்தில் ஐந்து ஆளாக இருந்து கச்சேரி செய்வார். பாடுகிறவரும் அவர், பக்கவாத்தியக்காரரும் அவர். 1965இல் ‘திருவிளையாடல்’ படத்தில் சிவாஜியும் அப்படித்தான். அந்தக் காலத்து வழி இது: கமராவை அசையாமல் நிறுத்தி, லென்சின் ஒரு பகுதியைத் தவிர மற்றதை மறைத்து ஒரு ஆளைப் பிடிப்பார்கள். பிறகு படச்சுருளைத் தொடக்கத்துக்குச் சுற்றி, முன்பு பிடித்த பகுதியை மறைத்து அடுத்த ஆளைப் பிடிப்பார்கள். ஒரே சுருள் ஐந்து தரம் கமராவுக்குள் ஓட வேண்டும். கமரா ஒரு நூல் அளவு ஆடினாலும் எல்லாம் பாழ். நடிகர் இல்லாத ஆளைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும், தாளமும் தப்பக்கூடாது. இதைக் கேட்ட பிறகு பெடியன் கைப்பேசியில் அந்தக் கச்சேரியைத் தேடிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

புதியவற்றில் ராஜமௌலியின் ‘நான் ஈ’ (2012) இந்தச் சட்ட விஷயத்தில் மிகவும் நேர்மையான படம். கொலை செய்யப்பட்டவன் ஈயாகப் பிறக்கிறான். பிறந்த ஈ கடைசி வரைக்கும் ஈதான். பேசாது, பெரிதாகாது. எதிரியை நித்திரை கொள்ள விடாமல் காதுக்குள் இரையும், கார்க் கண்ணாடியில் எழுதிக் காட்டும். ஈயால் செய்யக்கூடியதை மட்டும் வைத்து ஒரு மனிதனைக் கொல்ல வேண்டும் என்ற நெருக்குவாரம்தான் அந்தப் படத்தின் முழு ருசியும். செல்வராகவனின் ‘இரண்டாம் உலகம்’ (2013) அழகான படம். எனக்கு அவரில் மரியாதையும் உண்டு. ஆனால் அந்த மற்ற உலகத்தில் எது முடியும், எது முடியாது என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. எதுவும் நடக்கலாம் என்றால் எதுக்காகவும் பதற முடியாது.

இதுவரை சொன்னது மாயப் படங்களுக்கு. பேய்ப்படம் வேறு. மாயக் கதையில் அற்புதம் அந்த ஊரின் குடி. அரக்கனும் முனிவனும் பறக்கும் பாயும் அங்கேயே பிறந்து வளர்ந்தவை. பேய்க் கதையில் அது எங்களுடைய வீட்டுக்கு வருகிறது. வந்தால் ஏதோ ஒரு காரியம் இருக்க வேண்டும். அந்தக் காரியம் என்ன என்பதில்தான் தமிழ்ப் பேய் மற்றப் பேய்களிலிருந்து வேறுபடுகிறது. என்னுடைய எண்ணம் இது: தமிழ்ப் பேய் ஒரு வழக்காளி.

பழையனூர் நீலி கதையை அவனுக்குச் சொன்னேன். திருவாலங்காட்டுக்குப் பக்கத்து ஊர் பழையனூர். பெரியபுராணத்திலும் இந்தக் கதையைப் பற்றிய குறிப்பு உண்டு. கதை பல விதமாகச் சொல்லப்படும். நடு எலும்பு ஒன்றுதான். புருஷனால் கொல்லப்பட்ட ஒருத்தி பேயாகி அவனைத் தேடி வருகிறாள். மறுபிறப்பில் அவன் வணிகன். அவள் பெண் உருவம் எடுத்து, கள்ளிக் கிளையைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நேரே ஊர்ச் சபைக்குப் போகிறாள். இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டுப் போகிறார் என்று வழக்கு வைக்கிறாள். இவள் பேய் என்று அவன் கதறுகிறான். எழுபது வேளாளர் இருந்து விசாரிக்கிறார்கள். உனக்கு ஏதும் நடந்தால் நாங்கள் உயிர் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்து அவனை அவளோடு அனுப்புகிறார்கள். விடியும்போது அவன் செத்துக் கிடக்கிறான். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

நீலி நினைத்திருந்தால் காட்டு வழியிலேயே அவனை முடித்திருக்கலாம். அவள் சபைக்குப் போனாள். அந்தக் கொலை நடந்தபோது எந்தச் சபையும் அதை விசாரிக்கவில்லை. பேயாகி வந்த பிறகாவது ஊர் கூடி இருந்து அவள் சொல்வதைக் கேட்க வேண்டும். இன்றைக்கு வரைக்கும் எங்கள் பேய்ப்படங்களின் இரண்டாம் பாதியில் வருகிற பழங்கதை, எல்லாரும் பிளாஷ்பேக் என்கிற அந்த அரை மணித்தியாலம், பழையனூர்ச் சபையின் தொடர்ச்சிதான். தியேட்டரில் இருக்கிற நாங்கள்தான் அந்த எழுபது பேர்.

‘காஞ்சனா’ (2011) படத்தின் முதல் பாதி சத்தமும் ஓட்டமுமாகப் போகும். எனக்கு அது அவ்வளவு பிடிக்காது. ஆனால் சரத்குமார் திருநங்கையாக வந்து தன்னுடைய கதையைச் சொல்லும்போது படத்தின் நிறமே மாறுகிறது. ஆஸ்பத்திரி கட்டுவதற்கென்று அவர் வாங்கிய காணியை எம்.எல்.ஏ. பறித்துக்கொள்கிறான், கேட்கப் போனவரைக் கொல்கிறான். காணி வழக்கு! யாழ்ப்பாணத்தில் காணி வழக்கை ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. தெருவில் திருநங்கையைக் கண்டால் முகத்தைத் திருப்புகிற ஆட்களும் படத்தில் அவருக்காகக் கை தட்டினார்கள். இங்கே பக்கத்துக் கரவெட்டியில் பிறந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, 1981இல் தமிழ் சினிமாவையும் அரசியலையும் பற்றி எழுதிய ஆங்கில நூலில், தமிழர் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்து பார்த்த முதல் ஆற்றுகைக் கூடம் சினிமாக் கொட்டகைதான் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். குடாநாட்டில் சாதி காரணமாகத் தேத்தண்ணிக் கடைக்குள்ளேயே எல்லாரும் சமமாக இருக்க முடியாமல் இருந்த காலம் ஒன்று இருந்தது. அதைத் தெரிந்தால் சிவத்தம்பி சொன்னதின் கனம் விளங்கும். பேய்ப்படத்தில் அந்தக் கூரைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது விசாரணை மன்றம்.

மலையாளத்து ‘மணிச்சித்திரத்தாழு’ (1993) இன்னும் ஆழமானது. பாசில் இயக்கம், மது முட்டத்தின் கதை, தேசிய விருது வாங்கிய சோபனாவின் நடிப்பு. அதில் பேயே இல்லை. தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்டு அந்த வீட்டில் கொல்லப்பட்ட நாகவல்லி என்ற ஆட்டக்காரியின் துயரத்தை, அங்கே மருமகளாக வந்த கங்கா தன்னுடையதாக எடுத்துக்கொள்கிறாள். மனநல வைத்தியர் வந்து என்ன செய்கிறார்? மருந்து மட்டும் கொடுத்து மாற்றவில்லை. நாகவல்லியைக் கொன்ற காரணவரை அவள் கையாலேயே வெட்டியதாக ஒரு நாடகம் நடத்துகிறார். பலகையைச் சுழற்றி ஆளுக்குப் பதில் பொம்மையை வைக்கிறார். தீர்ப்பு நிறைவேறியதாக அவள் மனம் நம்பிய பிறகுதான் நோய் விடுகிறது. பேய் இல்லாவிட்டாலும் வழக்கு உண்மை என்பதை அந்த வைத்தியர் விளங்கிக்கொண்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மலையாளப் படத்தில் நாகவல்லி தமிழ் பேசுவாள். 2005இல் அதைத் தமிழில் ‘சந்திரமுகி’யாக பி. வாசு எடுத்தபோது அவள் தெலுங்கு பேசுகிறாள். எந்த மொழிக்குக் கொண்டுபோனாலும் அந்தப் பெண் அந்த வீட்டு மொழி பேசாதவளாகவே இருக்கிறாள். முறையிட ஆள் இல்லாத ஊரில், முறையிட மொழியும் இல்லாமல் செத்தவள். சென்னை சாந்தி தியேட்டரில் ‘சந்திரமுகி’ 800 நாளுக்கு மேல் ஓடியதற்கு ரஜினி முதல் காரணமாக இருக்கலாம். ஜோதிகாவின் கண்ணில் நின்ற அந்த முறைப்பாடும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

இனிச் சொல்லப்போகிற இரண்டு படங்களின் முடிவையும் சொல்லாமல் கதைக்க ஏலாது. பார்க்காத ஆட்கள் அடுத்த இரண்டு பந்தியையும் விட்டுவிட்டு வாசிக்கலாம்.

கார்த்திக் சுப்பராஜின் ‘பீட்சா’ (2012) பொய் வழக்கு வைத்தவனின் கதை. ஆள் இல்லாத பங்களாவுக்குள் ஒரு ரோச்லைற்றோடு விஜய் சேதுபதி அகப்படுகிற பகுதி, நான் பார்த்த தமிழ்ப் பேய்க் காட்சிகளில் மிகச் சிறந்தது. 1990இலிருந்து பல வருடம் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம்போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் படித்து வளர்ந்தவர்களுக்கு, வெளிச்சம் எட்டாத இடத்தில் எதுவும் இருக்கலாம் என்பது சொல்லித் தர வேண்டியதல்ல. அந்தப் படம் காட்டுவதைவிடக் காட்டாமல் விட்ட இருட்டு எங்களை அதிகம் பிடிக்கிறது. பிறகு தெரிகிறது, வைரத்தை மறைக்க அவன் கட்டிய கதைதான் அந்தப் பேய் முழுவதும். கடைசியில் அவன் இன்னொரு வீட்டுக்குள் போகிறான். கட்டிய கதை அங்கே அவனுக்காகக் காத்திருக்கிறது. செத்தவர்களின் பெயரில் பொய் சொன்னவனுக்கு அதைவிடப் பொருத்தமான தண்டனை இல்லை.

மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) எனக்கு எல்லாவற்றிலும் மேலானது. விபத்தில் அடிபட்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான் ஒரு வயலின்காரன். அவள் அவன் கையைப் பிடித்தபடி சாகிறாள், பிறகு அவனுடைய வீட்டுக்கு வருகிறாள். பயந்தவன், அவளை இடித்த காரைத் தேடத் தொடங்குகிறான். சாட்சிக்காரருக்குச் சிவப்பும் பச்சையும் வேறுபாடு தெரியாது. வேறு நிறம் என்று தேடிய கார் உண்மையில் அவனுடைய கார். இடித்தவன் அவனே. அவளுக்கு அது தெரிந்தேதான் இருந்தது. தெரிந்தும் அவனையும் அவன் வீட்டையும் காத்துக்கொண்டு இருந்தாள். வழக்காளியே வழக்கைத் திரும்பப் பெற்ற ஒரே தமிழ்ப் பேய்ப்படமாக எனக்கு இதுதான் தெரிகிறது. நீதி கேட்கிற உரிமை முழுவதும் கையில் இருக்கும்போது மன்னிக்கிறாள். அதனால் அந்த மன்னிப்புக்கு நிறை இருக்கிறது.

“வெளிநாட்டுப் பேய்களுக்கும் வழக்கு இருக்குத்தானே?” என்று பெடியன் மடக்கினான். இருக்கிறது. யப்பானில் 1825இல் மேடையேறிய யோட்சுயா பேய்க்கதையில், புருஷனின் துரோகத்தால் நஞ்சூட்டப்பட்டு முகம் சிதைந்து செத்த ஓய்வா என்ற மனைவி அவனை விடாமல் தொடர்கிறாள். நீலிக்கு அவள் தங்கைச்சி மாதிரி. ஆனால் 1998இல் ஹிதேயோ நகாதா எடுத்த ‘ரிங்’ படம் இந்த மரபையே திருப்பிப் போட்டது. கிணற்றுக்குள் கிடந்த சடக்கோ என்ற பெண்ணின் எலும்பைக் கண்டுபிடித்தால் அவளுடைய சாபம் தீர்ந்துவிடும் என்று கதாநாயகியான தாய் நம்புகிறாள், நாங்களும் நம்புகிறோம். தீரவில்லை. விசாரணை முடிந்தும் ஆறாத கோபம் ஒன்று உண்டு என்று அந்தப் படம் சொல்கிறது. அதுதான் அதில் மிகப் பெரிய பயங்கரம்.

அமெரிக்காவின் ‘எக்சோசிஸ்ற்’ (1973) வேறு வகை. அங்கே பிள்ளையைப் பிடிப்பது செத்த மனிசர் அல்ல, தீமையே உருவான ஒன்று. அதுக்கு முறைப்பாடு கிடையாது. அதை விரட்டத்தான் வேண்டும். வில்லியம் பிரீட்கின் எடுத்த அந்தப் படம் அதன் மதத்துக்கும் மண்ணுக்கும் உண்மையாக இருந்தது. அதைப் பார்த்து எங்கள் ஆட்கள் கூரைக்குக் கீழே மரப் பரணும், அதில் ஆடுகிற நாற்காலியும், கண்ணாடிக் கண் பொம்மையும் வைத்துப் படம் எடுக்கும்போது எனக்குப் பயம் வருவதில்லை. அந்த வீட்டில் நாங்கள் ஒருநாளும் இருந்ததில்லை. அங்கே செத்தவர் ஆர், ஏன் செத்தார் என்று கேட்கத் தோன்றுவதில்லை. பிறகு சத்தம் மட்டும்தான் மிச்சம். திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு துள்ளும். அது நரம்பின் வேலை. வெடி கொளுத்திப் போட்டாலும் துள்ளும்.

சிரிப்புப் பேய்ப்படங்களைப் பற்றியும் அவன் கேட்டான். பேயையும் பகிடியையும் கலந்து இப்போதுதான் கெடுத்துவிட்டார்கள் என்று பலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பசியால் வாடுகிற பேய்கள், கருணாகரத் தொண்டைமான் வென்ற போர்க்களத்தில் பிணங்களை வைத்துக் கூழ் சமைத்துப் பங்கிட்டுக் குடிக்கின்றன. குலோத்துங்கன் காலத்து நூல். தொள்ளாயிரம் வருடப் பழசு. படிக்கும்போது வயிறு குமட்டும், சிரிப்பும் வரும். 1978இல் பி. விட்டலாச்சார்யா எடுத்த ‘ஜகன்மோகினி’யில் பேயாக வந்த ஜெயமாலினி, விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்புக்குள் வைத்துச் சமைப்பார். அது பரணிப் பேய்களின் அடுப்படியிலிருந்து நேரே வந்தது. ஆகவே பகிடி குற்றமில்லை. பகிடி பண்ணி முடித்துவிட்டு, வழக்கைக் கேட்காமல் மந்திரவாதியைக் கூப்பிட்டுப் போத்தலுக்குள் அடைத்து அனுப்புவதுதான் குற்றம்.

இனி எங்களுடைய பக்கத்துக்கு வருகிறேன்.

நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற வழியில் வல்லை வெளி. இரண்டு பக்கமும் வீடு வாசல் இல்லாத தரவை, நீரேரி, பாலம், காற்று. இரவில் சைக்கிளில் தனியாக அந்த வெளியைத் தாண்டிய பழைய ஆட்களிடம் கதை கேட்டால் விடிந்துபோகும். அங்கே வல்லை முனியப்பர் இருக்கிறார். வண்டியை நிறுத்திக் கற்பூரம் கொளுத்திவிட்டுப் போகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. ராகவா லாரன்சின் ‘முனி’ (2007) படத்தில் முனியாண்டி கொலையுண்டு பழிவாங்க வருகிறவர். எங்கள் வல்லை முனியப்பர் பழிவாங்குகிறவர் அல்ல. அவர் வழிக்குக் காவல். பயம் உண்டு, ஆனால் அந்தப் பயத்துக்குள் பாதுகாப்பும் உண்டு. இதுவும் பழைய மரபுதான். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து நாற்சந்தியில் ஒரு பூதம் நிற்கும். பொய்ச்சாட்சி சொல்கிறவனையும் போலித் துறவியையும் பிறன்மனை நாடுகிறவனையும் பிடித்துத் தின்னும். ஊருக்கு அது பொலிஸ்.

வழக்காளிப் பேய்க்கும் காவல் தெய்வத்துக்கும் இடையில் ஒரு பாதை இருக்கிறது. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதைத்தான். மதுரை வீரன் ஆர்? மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்தவன். காத்தவராயன் ஆர்? சாதி தாண்டிக் கலியாணம் கேட்டுக் கழுமரம் ஏறியவன். அதிகாரம் உள்ளவர்கள் அநியாயமாகக் கொன்றவர்களைச் சனம் மறக்கவில்லை. கதை பாடினார்கள், கூத்து ஆடினார்கள், பொங்கினார்கள், படையல் வைத்தார்கள். வருடா வருடம் ஊர் கூடி அந்த வழக்கைக் கேட்டது. கேட்கப்பட்ட பிறகு செத்தவன் ஊருக்குக் காவலாக நின்றான். கேட்கப்படாதவன் பேயாக அலைந்தான். எங்கள் பேய்ப்படங்கள் அநேகமாக இந்தப் பாதையின் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. பழி தீர்ந்ததும் பேய் வெளிச்சமாகி ஆகாயத்துக்குப் போய்விடும். ஊருக்கு அதனால் ஒன்றும் மிஞ்சாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று பெடியனுக்கு விளங்கவேண்டும். யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியை 1999இல் தோண்டியபோது பதினைந்து பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. 2025 பெப்ரவரியில் அங்கே சித்துப்பாத்தி மயானத்தில் எரிகொட்டகைக்கு அத்திவாரம் வெட்டும்போது திரும்பவும் எலும்புகள் வந்தன. அந்த வருடத்து அகழ்வில் மட்டும் 200க்கு மேற்பட்ட என்புத்தொகுதிகள். குழந்தைகளும் இருந்தார்கள், புத்தகப்பை இருந்தது, விளையாட்டுப் பொருள் இருந்தது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு தாய்மார் 2017இலிருந்து கிளிநொச்சியில் தெருவோரம் இருந்தார்கள். நான் பேயை நம்பவில்லை. ஆனால் ஒருவரும் கேட்காத வழக்கு ஒன்று மண்ணுக்குள் கிடக்கும் என்பதையும், அது ஒருநாள் மேலே வரும் என்பதையும் நம்புகிறேன். அதனால்தான் எவ்வளவு மோசமான பேய்ப்படம் என்றாலும், செத்தவர் தன்னுடைய கதையைச் சொல்லத் தொடங்குகிற அந்த அரை மணித்தியாலத்தில் நான் எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போவதில்லை.

பெடியன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “அந்த மற்றப் பாதியை எடுத்த படம் ஒண்டும் இல்லையோ?” என்றான்.

இருக்கிறது. 2025 ஓகஸ்ற்றில் வந்த மலையாளப் படம் ‘லோகா’. கேரளத்தில் கள்ளியங்காட்டு நீலி என்றால் ஆட்களைக் கொல்லுகிற யட்சி. டொமினிக் அருண் அவளை இந்தக் காலத்துப் பெங்களூருக்குக் கொண்டுவந்தார். அநியாயத்தில் குடும்பத்தை இழந்த சின்னப் பிள்ளை, இப்போது மற்றவர்களைக் காப்பாற்றுகிறவள். கல்யாணி பிரியதர்சன் அவளாக வந்தார். படத்தில் எனக்குக் குறைகள் உண்டு. இரண்டாம் பாதியில் அடுத்த பாகத்துக்கு ஆள் சேர்க்கிற அவசரம் தெரிகிறது. என்றாலும் நீலி காவலாகிவிட்டாள். எங்களிடம் பழையனூர் நீலியே இருக்கிறாள். அவளை இன்னும் ஒருவரும் அப்படி எழுப்பவில்லை.

“வல்லையில ஒரு குறும்படம் எடுக்கலாம் மாமா” என்றான். அவனுடைய கூட்டாளி ஒருவனிடம் நல்ல கமரா இருக்கிறதாம்.

எடு என்றேன். முதலில் உன்னுடைய முனியால் எது முடியும், எது முடியாது என்று ஒரு தாளில் எழுது, எழுதியதை மீறாதே. பொம்மை வேண்டாம், பரண் வேண்டாம். முனியப்பரை ஒருக்காலும் காட்டாதே. கற்பூரத்தைக் காட்டு, நின்ற வண்டியைக் காட்டு. வாங்கின இசை போடாதே, காத்தான் கூத்து உடுக்கு போதும். இரவில் அந்த வெளியைத் தாண்டுகிற ஒருவருக்கு ஒரு வழக்கு இருக்கட்டும், அதை முனி கேட்கட்டும்.

“காத்துக்கு அங்க மைக் பிடிக்கேலாது” என்று உடனே ஒரு தடை சொன்னான். மைக்குக்குப் பஞ்சுறை போட்டு, பேச்சை வேறாகவும் காற்றை வேறாகவும் பதிவு செய்யச் சொன்னேன். உடுக்கு அடிக்கிற ஐயா ஒருவரைக் கரவெட்டியில் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவரிடம் போவதாகக் கதைத்து முடித்துக்கொண்டு, தேத்தண்ணிக்குக் காசைக் கொடுத்துவிட்டு எழும்பினோம்.